பி.டி. பீரியடை வாங்கிய டீச்சர் விளையாடப் போன கதை



போன வாரம் என் மகள் ஒரு போட்டோ போட்டுவிட்டாள். முழங்காலில் சேறு, தலையில் தொப்பி, முதுகில் 14 என்று எண் போட்ட நீலச் சட்டை, கையில் முட்டை வடிவத்தில் ஒரு பந்து. அன்றிலிருந்து எனக்குப் போன் ஓயவில்லை. "டீச்சர், இது நீங்கதானா, இல்ல யாராவது கம்ப்யூட்டர்ல செஞ்சதா?" என்று 2004 பேட்ச் கேட்டது. "மதினி, இந்த வயசுல எலும்பு கிலும்பு முறிஞ்சா யாரு பாக்கது?" என்று பாளையங்கோட்டையிலிருந்து ஒரு குரல். "பெரியம்மா, ஆம்பளையும் பொம்பளையும் சேர்ந்து தொட்டு விளையாடுற ஆட்டமாமே?" என்று இன்னொரு குரல்.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத முடியவில்லை. அதனால் மொத்தமாக இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். வகுப்பில் 45 நிமிடம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள்தானே, இதையும் பொறுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் உங்களிடம் ஒரு மன்னிப்பும் கேட்க வேண்டியிருக்கிறது.

உங்களில் பலருக்குத் தெரியும், 2022-ல் நான் பணி ஓய்வு பெற்றேன். 34 வருடம் கணக்கு. அதற்குப் பிறகு சாரும் நானும் மகள் வீட்டுக்கு, சிட்னியின் மேற்குப் பக்கம் டூங்காபி என்ற ஊருக்கு, வந்து சேர்ந்தோம். பக்கத்தில் வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில். முருங்கைக்காயிலிருந்து இடியாப்ப மாவு வரை எல்லாம் கிடைக்கும். வெள்ளிக்கிழமை முருகன் கோயில். குறை ஒன்றும் இல்லை. ஆனால் காலையில் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போன பிறகு வீட்டில் ஒரு அமைதி வரும் பாருங்கள், மணி அடிக்காத பள்ளிக்கூடம் மாதிரி. அது எனக்குப் பழகவே இல்லை.

பேத்திக்குப் பத்து வயது. வியாழக்கிழமை சாயங்காலம் அவளைப் பக்கத்துப் பூங்காவுக்கு விளையாடக் கூட்டிப்போவது என் பொறுப்பு. அங்கேதான் இந்த 'டச் ஃபுட்பால்' கிளப். அக்டோபர் முதல் ஞாயிறு இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பார்கள். அதன் பிறகு கோடையில் இரவு எட்டு மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும். பிள்ளைகள் ஆட்டம் முடிந்ததும் அதே புல்வெளியில் பெரியவர்கள் இறங்குவார்கள். அலுவலகம் விட்டு நேரே வந்தவர்கள், பிள்ளை பெற்று ஆறு மாதமான தாய்மார்கள், தலை நரைத்தவர்கள் எல்லோரும் இருப்பார்கள். நான் வேலியோரம் நின்று ஒரு வருடம் வேடிக்கை பார்த்தேன்.

போன அக்டோபரில் ஒரு நாள், ஒரு அணியை நடத்தும் அம்மா என்னிடம் வந்தார். பக்கத்து மருத்துவமனையில் நர்ஸ். நியூசிலாந்துக்காரர், மாவோரி இனத்தவர். ஐம்பது வயதிருக்கும். "வாரா வாரம் நிற்கிறீர்களே, எங்களுக்கு ஒரு பெண் குறைகிறது, வருகிறீர்களா?" என்றார். இங்கே கலப்பு அணி என்றால் களத்தில் மூன்று பெண்களாவது நிற்க வேண்டும் என்பது எங்கள் போட்டியின் ஏற்பாடு. ஆள் குறைந்தால் அந்த இடத்தைக் காலியாக விட்டுத்தான் ஆட வேண்டும். அவர்களுக்கு ஒரு ஆள் வேண்டும், அந்த ஆளுக்குக் கால் இரண்டு இருந்தால் போதும் என்ற நிலைமை.

"எனக்கு 63 வயது" என்றேன்.

"நான் வயதைக் கேட்கவில்லையே" என்றார்.

வீட்டுக்கு வந்து சாரிடம் சொன்னேன். மின்வாரியத்தில் இருந்தவர், எதையும் ஷாக் அடிக்குமா என்று பார்த்துத்தான் தொடுவார். "ஏளா, நல்லாத்தான் யோசிச்சியா? உனக்குப் பஸ் ஏறவே மூச்சு வாங்குது" என்றார். மகள் மட்டும் டாக்டரிடம் நாள் வாங்கினாள். ரத்த அழுத்தம், சர்க்கரை, முழங்கால் எல்லாம் பார்த்துவிட்டு, "மெதுவாக ஆரம்பியுங்கள், வலித்தால் நிறுத்துங்கள்" என்று டாக்டர் அனுப்பிவைத்தார்.

ஆட்டத்தைச் சொல்கிறேன். கணக்கு டீச்சர் சொன்னால் எண்ணில்தான் ஆரம்பிப்பாள்.

மைதானம் 70 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலம். ஒரு பக்கத்துக்கு 6 பேர். வெளியே மாற்று ஆட்கள் நிற்பார்கள், எத்தனை தடவை வேண்டுமானாலும் மாறிக்கொள்ளலாம். என்னைப் போன்றவர்கள் பிழைத்திருப்பது அந்த ஒரு விதியால்தான். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடி, எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டித் தரையில் வைத்தால் 1 புள்ளி. அதற்கு 'டச் டவுன்' என்று பெயர். பந்தைக் காலால் உதைப்பது கிடையாது. கையால் எறியலாம், ஆனால் முன்னால் இருப்பவருக்கு எறியக் கூடாது. பக்கவாட்டிலோ பின்னாலோ வருகிறவருக்குத்தான் கொடுக்க வேண்டும். முன்னேற வேண்டும், ஆனால் பின்னால் இருப்பவருக்குக் கொடுத்துக்கொண்டே முன்னேற வேண்டும். இது மனதில் படிய எனக்கு மூன்று வாரம் ஆயிற்று.

எதிரணி எப்படித் தடுக்கும்? விழுத்தாட்ட மாட்டார்கள், இழுக்க மாட்டார்கள். தொடுவார்கள், அவ்வளவுதான். கபடி தெரிந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். கபடியில் பாடிப் போகிறவர் தொட்டுவிட்டுத் தப்பி வர வேண்டும், தொடப்பட்டவர் வெளியே போக வேண்டும். இங்கே அது தலைகீழ். பந்து வைத்திருப்பவரைத் தடுப்பவர் தொடுகிறார். தொடப்பட்டவர் வெளியே போவதில்லை. தொட்ட இடத்திலேயே நின்று, பந்தைத் தரையில் வைத்து, இரண்டு கால்களுக்கு நடுவே பின்னால் உருட்டிவிட வேண்டும். அதற்கு 'ரோல்பால்'. பின்னால் நிற்பவர் எடுத்து ஆட்டத்தைத் தொடர்வார். தடுப்பவர்கள் அதற்குள் 7 மீட்டர் பின்வாங்கி வரிசையாக நின்றாக வேண்டும். இப்படி ஆறு முறை தொட்டாகிவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். கீழே தவறவிட்டாலும் போய்விடும். நம் பக்கத்துக் கிளித்தட்டு விளையாடியவர்களுக்கு, வரிசையாக நின்று மறிக்கும் அந்தப் பாதி ஆட்டம் ஏற்கெனவே தெரியும்.

இந்த ஆட்டம் பிறந்ததே சிட்னியில்தான். 1960களில் ரக்பி லீக் ஆடியவர்கள் பயிற்சிக்காக, ஒருவரை ஒருவர் பிடித்துத் தள்ளி அடிபடாமல், தொட்டால் போதும் என்று வைத்து ஆடியிருக்கிறார்கள். 1968-ல் தெற்கு சிட்னியில் இதற்கென்றே முதல் கிளப் ஆரம்பித்தார்கள். 1988-ல் கோல்ட் கோஸ்ட் நகரத்தில் முதல் உலகக் கோப்பை நடந்தது. அடிபடாமல் ஆட ஒரு வழி கண்டுபிடித்ததால்தான் ஆணும் பெண்ணும் சின்னவரும் பெரியவரும் ஒரே களத்தில் நிற்க முடிகிறது.

"தொட்டு விளையாடுற ஆட்டமாமே" என்று கேட்ட என் தங்கை மகளுக்கு: தொடுவது என்றால் தோளிலோ முதுகிலோ விரலால் ஒரு தட்டு. சட்டை நுனியில் பட்டாலும் கணக்குத்தான். பலமாகத் தட்டினால் அது தப்பாட்டம். நம் ஊர் டவுன் பஸ்ஸில் நாம் பட்டதில் நூறில் ஒரு பங்கு கூட இங்கே கிடையாது. தட்டியவரே பல சமயம் "சாரி" சொல்லிவிட்டு ஓடுகிறார்.

சரி, முதல் நாள்.

நகை எதுவும் போட்டுக்கொண்டு இறங்கக் கூடாது. கழற்ற முடியாததை டேப் சுற்றி மூட வேண்டும். கழுத்தில் கிடந்ததை மகளிடம் கொடுத்தேன். கை வளையல் மட்டும் வரவில்லை. கல்யாணத்துக்குப் போட்டது, அப்போது இருந்த கை வேறு. சோப்புத் தண்ணீர் போட்டு இழுத்தும் அசையவில்லை. கடைசியில் அந்த நர்ஸம்மா வெள்ளை டேப்பை எடுத்து, மாவுக்கட்டு மாதிரி இரண்டு கையிலும் சுற்றிவிட்டார். நடுவர் தடவிப் பார்த்துத் தலையாட்டினார். சார் மடக்கு நாற்காலியில் பிளாஸ்க்கோடு உட்கார்ந்து, "ஆட்டம் தொடங்கும் முன்னயே கட்டுப் போட்டாச்சா?" என்று கேட்டார்.

அன்றைக்கு நான் செய்த பிழைகளை வரிசைப்படுத்துகிறேன். வந்த முதல் பந்தை நெஞ்சில் வாங்கிக் கீழே விட்டேன். இரண்டாவது பந்தை முன்னால் எறிந்தேன். மூன்றாவது முறை என்னைத் தொட்ட பிறகு பந்தைப் பாஸ் செய்தேன், அதற்கும் விசில். தொட்ட இடத்துக்கு இரண்டு எட்டு முன்னால் போய் உருட்டினேன், அதற்கும் விசில். தடுக்கும்போது 7 மீட்டர் பின்வாங்காமல் நின்றேன், மறுபடியும் விசில். எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் சொல்லித்தருகிறார்கள். எனக்கு ஆங்கிலம் தெரியும். ஆனால் ஓடிக்கொண்டே அவர்கள் கத்தும் ஆங்கிலம் காதில் ஒலியாக விழுகிறது, மூளையில் அர்த்தமாக ஏறவில்லை. யாராவது என் பெயரைக் கூப்பிட்டால் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. பந்து என்னிடம் வரக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு ஓரமாக ஒதுங்கினேன்.

அந்தப் படபடப்பு எனக்குப் புதிது. ஆனால் அதை நான் பார்த்திருக்கிறேன். எங்கே என்று அன்றைக்குத் தெரியவில்லை.

நான்காவது வாரம் அது தெரிந்தது.

எதிரணியின் கோட்டுக்கு மூன்று மீட்டர் முன்னால் எங்கள் ஆள் ஒருவரைத் தொட்டுவிட்டார்கள். அவர் பந்தை உருட்டினார். பின்னால் நின்றது நான். எடுத்தேன். முன்னால் ஆளே இல்லை. ஓடினேன். கோட்டைத் தாண்டி, குனிந்து, பந்தை இரண்டு கையாலும் தரையில் அழுத்தி வைத்தேன். என் வாழ்க்கையின் முதல் டச் டவுன்! கையைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். ஒருவரும் கைதட்டவில்லை. வேலியோரம் பேத்தி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

விதி என்னவென்றால், உருட்டிய பந்தை எடுப்பவருக்கு 'ஹாஃப்' என்று பெயர். அவர் புள்ளி எடுக்கக் கூடாது. அவர் வேலை பந்தை அடுத்தவருக்குக் கொடுப்பது. அவரே கோட்டைத் தாண்டி வைத்தால் புள்ளி கிடையாது, பந்து எதிரணிக்குப் போய்விடும். பந்தோடு அவரைத் தொட்டுவிட்டாலும் அப்படித்தான். இதை எனக்கு மூன்று பேர் மூன்று தடவை சொல்லியிருந்தார்கள்.

எங்கள் அணியில் ஒரு இளைஞன், என் கடைசி பேட்ச் பிள்ளைகள் வயது இருக்கும். சமநிலையில் இருந்த ஆட்டம் கை நழுவிப் போன ஆத்திரம் அவனுக்கு. "இது அடிப்படை! இது கூடத் தெரியாதா?" என்றான். கத்தவில்லை. சலிப்பாகத்தான் சொன்னான். அந்தச் சலிப்புதான் தாங்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் அவனே வந்து மன்னிப்புக் கேட்டான், பரவாயில்லை என்றேன். காரில் ஏறியதும், "இனிமே நான் வரமாட்டேன், அவங்க வேற ஆளைப் பாத்துக்கிடட்டும்" என்று மகளிடம் சொன்னேன்.

இரவு தூக்கம் வரவில்லை. அந்த வாக்கியம் காதிலேயே நின்றது. இது அடிப்படை, இது கூடத் தெரியாதா? யோசித்துப் பார்த்தால் அது என் வாக்கியம். 34 வருடமாக நான் சொன்ன வாக்கியம். என் வகுப்பில் படித்தவர்கள் இதைப் படிக்கும்போது என் குரலிலேயே உங்களுக்குக் கேட்கும். கரும்பலகை முன்னால் சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளைகளின் முகத்தில் நான் பார்த்தது அந்தப் படபடப்பைத்தான். அப்போது அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். படிக்காமல் வந்திருக்கிறது என்று நினைத்தேன். விதி காதில் விழும், ஆனால் தேவையான நொடியில் கைக்கு வராது என்பது எனக்குத் தெரியவில்லை. கணக்கு எனக்கு எப்போதும் வந்தது. வராதவர்களின் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு 63 வயதாக வேண்டியிருந்தது.

அதைவிடப் பெரிய ஒன்று அன்றிரவு ஞாபகம் வந்தது. பி.டி. பீரியட்.

உங்களுக்கு மறந்திருக்காது. பத்தாம் வகுப்பு என்றால் ஆகஸ்ட் மாதத்திலிருந்தே உங்கள் பி.டி. பீரியடை நான் வாங்கிவிடுவேன். பி.டி. சாரும் பாவம், சிரித்துக்கொண்டே கொடுத்துவிடுவார். ஷூ போட்டுத் தயாராக நிற்கும் உங்களை, "உள்ள வாங்க, வடிவியல் முடிக்கணும்" என்று கூப்பிடுவேன். தேர்ச்சி விகிதம் 100 ஆக வேண்டும். ஆகவும் ஆயிற்று, சில வருடங்கள். அதற்காகப் பாராட்டுக் கடிதமும் வாங்கியிருக்கிறேன். விளையாட்டு என்பது பாடம் முடிந்த பிறகு மிச்சம் இருந்தால் கொடுக்கிற மிட்டாய் என்றுதான் நினைத்திருந்தேன்.

அதில் ஒரு மாணவி. பெயர் சொல்லவில்லை, அவளிடம் அனுமதி கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். 400 மீட்டர் ஓட்டத்தில் குறுவட்டப் போட்டியில் முதலாவதாக வந்தாள். மாவட்டப் போட்டிக்குப் போக வேண்டும். அந்த வாரம் எங்களுக்குத் திருப்புதல் தேர்வு. அவளுக்குக் கணக்கு சுத்தமாக வராது. அவள் அப்பா என்னிடம் வந்து, "டீச்சர், நீங்க என்ன சொல்லுதியளோ அதான்" என்றார். நான், "ஓடினா மார்க் வருமா?" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவள் போகவில்லை.

மறுநாள் பழைய பேட்ச் வாட்ஸ்அப் குழுவில் அவள் எண்ணைத் தேடி எடுத்தேன். இப்போது ஊரில் தையல் கடை வைத்திருக்கிறாள். போன் செய்தேன். நலம் விசாரித்துவிட்டு, "அன்னைக்கு உன்னைப் போகவிடாம தடுத்தது தப்பும்மா" என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. தையல் மெஷின் ஓடும் சத்தம் நின்றது.

"நீங்க சொன்னதாலதான் டீச்சர் நான் கணக்குல 41 எடுத்துப் பாஸானேன். அதுல எனக்கு ஒரு குறையும் கிடையாது" என்றாள். பிறகு, "ஆனா போயிருக்கலாம் டீச்சர். தோத்துட்டாவது வந்திருப்பேன்" என்றாள்.

"ஐயோ டீச்சர், அதெல்லாம் எதுக்கு இப்ப" என்று அவள் சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவள் அப்படிச் சொல்லவில்லை. சொல்லாதது சரிதான். இன்னொன்றும் சொன்னாள். "என் மக ஒம்பதாங் கிளாஸ் படிக்கா டீச்சர். அவளுக்கும் பி.டி. பீரியட்ல கணக்குதான் நடக்கு."

நான் ஏன் இந்த விளையாட்டைத் தொடர்ந்தேன் என்று கேட்டவர்களுக்குப் பதில் அதுதான். அவள் தோற்றுப் போய் வருவதற்குக் கூட நான் வழி விடவில்லை. எனக்கு இங்கே ஒருத்தர் வந்து கூப்பிட்டு, சட்டை கொடுத்து, தோற்பதற்கு ஒரு இடம் தருகிறார். அதை விட்டுவிட்டு ரோஷப்பட்டுக்கொண்டு உட்கார எனக்கு என்ன உரிமை?

அதற்குப் பிறகு முறையாகக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். டீச்சர் என் பேத்தி. வீட்டுப் பின்பக்கப் புல்தரையில் நான்கு செருப்பை வைத்து எல்லை போட்டாள். "ஆச்சி, இன்னைக்கு ரோல்பால் மட்டும். வேற ஒண்ணும் கிடையாது" என்றாள். நூறு தடவை உருட்டவைத்தாள். மறுநாள் எடுத்துக் கொடுப்பது மட்டும். அதற்கு மறுநாள் பக்கவாட்டில் எறிவது மட்டும். எறியும் திசைக்கு இடுப்பைத் திருப்பு, பந்து தானாகப் போகும் என்றாள். அதுவும் போயிற்று. ஒரு நாள் நான் மூன்று தடவை தொடர்ந்து தவறவிட்டபோது, "உனக்குத் தெரியும் ஆச்சி, உன் கைக்குத்தான் இன்னும் தெரியல" என்றாள். ஆசிரியப் பயிற்சியில் இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

களத்தில் எனக்கு ஒரு வேலையும் கிடைத்தது. எண்ணுவது. ஓடுகிற வேகத்தில் எத்தனையாவது தொடுகை என்பதைப் பலர் மறந்துவிடுவார்கள். ஐந்தாவது ஆன பிறகும் நிதானமாக உருட்டிக்கொண்டிருந்தால் பந்து போய்விடும். நான் விங் என்று சொல்லும் ஓரத்தில் நின்று, "மூணு! நாலு! அஞ்சு!" என்று கத்துவேன். முதலில் பதற்றத்தில் தமிழிலேயே கத்திவிட்டேன். இப்போது எங்கள் அணியில் பாதிப் பேருக்கு அஞ்சு என்றால் என்னவென்று தெரியும். என்னைக் கடிந்துகொண்ட அந்தப் பையன்தான் எல்லோரையும் விடச் சத்தமாக "அஞ்சு" சொல்கிறான்.

இன்னொன்று சொல்ல வேண்டும். நடுவர் ஒருவருக்கு எல்லாமே தெரியாது. அதனால் தொட்டவர் கையைத் தூக்கி, தொட்டேன் என்று சொல்ல வேண்டும். தொடப்பட்டவர் தானே நிற்க வேண்டும். ஒரு முறை எதிரணிப் பெண் ஒருத்தி என்னைத் தாண்டிப் பறந்து போனாள். என் விரல் நுனி அவள் சட்டையில் பட்டதா இல்லையா என்று எனக்கே சந்தேகம், அதனால் கையைத் தூக்கவில்லை. நடுவரும் பார்க்கவில்லை. முன்னால் கோடு திறந்து கிடக்கிறது. அவளே நின்று, திரும்பி, பட்ட இடத்துக்கு நடந்து வந்து பந்தை வைத்தாள். 34 வருடம் தேர்வு அறையில் காப்பி அடிக்கிறார்களா என்று குறுக்கும் நெடுக்கும் நடந்தவள் நான். நான் பார்த்தால்தான் பிள்ளைகள் நேர்மையாக இருப்பார்கள் என்று நம்பியிருந்தேன்.

சீசன் முடிந்தது. 14 ஆட்டம், 3 வெற்றி. கடைசி ஆட்டத்தில் 4-க்கு 9 என்று தோற்றோம். அந்த நான்கில் ஒன்று என்னுடையது. ஐந்து தொடுகை ஆகியிருந்தது. நான் ஓரக்கோட்டுப் பக்கம் நின்றேன். எதிரணி முழுவதும் நடுவில் குவிந்திருந்தது. பந்து கைமாறிக் கைமாறி என் பக்கம் வந்தது, பிடித்தேன், இரண்டே எட்டு, கீழே வைத்தேன். வைத்துவிட்டுக் கையைத் தூக்கவில்லை. முதலில் நடுவர் முகத்தைப் பார்த்தேன். அவர் விசிலை ஊதிக் கோட்டைக் காட்டினார். சார் நாற்காலியை விட்டு எழுந்ததில் பிளாஸ்க் கவிழ்ந்து காபி எல்லாம் புல்லில் போயிற்று. அந்தப் போட்டோதான் நீங்கள் பார்த்தது.

மகள் எடுத்த வீடியோவை அந்தத் தையல்கடை மாணவிக்கு அனுப்பினேன். குரல் பதிவில் பதில் வந்தது. "டீச்சர், நல்லாருக்கு. ஆனா கையை வீசாம ஓடுறீங்க. முழங்கையை மடக்கி வீசுங்க, வேகம் வரும்." திருப்பித் திருப்பி நாலு தடவை கேட்டேன். இப்போது வாரம் ஒரு வீடியோ அவளுக்குப் போகிறது, திருத்தம் வருகிறது.

இனி அந்த மன்னிப்பு. என்னிடம் படித்து, ஷூ போட்டு நின்றவர்கள் எல்லோரிடமும் கேட்கிறேன். உங்கள் மதிப்பெண்ணுக்காகத்தான் செய்தேன், அதில் பொய் இல்லை. ஆனால் உங்களுக்குச் சொந்தமான நேரத்தை உங்களைக் கேட்காமல் எடுத்தேன். திருப்பித் தர என்னால் முடியாது.

உங்களில் 20 பேருக்கு மேல் இப்போது ஆசிரியர்களாக இருக்கிறீர்கள், இரண்டு பேர் தலைமையாசிரியர்கள். உங்களிடம் மட்டும் ஒரு வேண்டுகோள். அடுத்த வாரம் கால அட்டவணையில் பி.டி. என்று போட்டிருந்தால், அது பி.டி.யாகவே நடக்கட்டும். கணக்கு முடியவில்லை என்றால் என்னைக் கூப்பிடுங்கள். சனிக்கிழமை காலை ஆன்லைனில் வடிவியல் நான் எடுக்கிறேன், காசு வேண்டாம். அந்தத் தையல்கடை மாணவியின் மகள் பள்ளியில் யாராவது இருந்தால், உங்களுக்கே தெரியும், எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்புங்கள்.

மதினிக்கு: எலும்பு எல்லாம் இருக்கிற இடத்தில் இருக்கிறது. வளையலும் இன்னும் கழறவில்லை.

குளிர்காலப் போட்டிக்கும் பெயர் கொடுத்துவிட்டேன். நாளைக்கு வியாழக்கிழமை. முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டுப் படுக்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்